வெயில் படாத இடம்

மணவிலக்குக்குப் பிறகு நோரீன் வீட்டில் ரூடி ஸலாருக்கு அனுமதிக்கப்பட்ட இடம் கராஜ் மட்டும்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை போய், கராஜ் கதவைச் சோதித்து, எண்ணெய் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அவளோடு குடும்பம் நடத்திய பதினான்கு வருடமும் அவன் விரும்பி உட்கார்ந்திருந்த இடமும் அதுதான். வேலையிலிருந்து வருவான், சாப்பிடுவான், கராஜில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, ரேடியோவில் பேஸ்பால் கேட்டபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏரிக்கரை ஊரான லொரெய்னில் எல்லா ஆண்களும் கோடையில் அப்படித்தான் உட்காருவார்கள். ரூடி குளிர்காலத்திலும் உட்கார்ந்தான்.

"உன்னோட இருக்கறதும் இந்தக் கதவோட இருக்கறதும் ஒண்ணுதான் ரூடி," என்று கடைசி வருடத்தில் ஒருநாள் நோரீன் சொன்னாள். "காலையில மேல போகுது, சாயங்காலம் கீழ வருது. ஆனா அது சத்தமாவது போடுது."

உருளைகளுக்கு எண்ணெய் போட்டு நாளாகிவிட்டது என்று ரூடி பதில் சொன்னான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் சொன்னான். நோரீனின் தங்கை இன்றும் விருந்துகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள்.

ரூடியின் அப்பா ஆற்றோரத்து இரும்பாலையில் இருந்தவர். ஆலை ஆட்களை வெளியே தள்ளத் தொடங்கிய வருடம் ரூடிக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா போன வழி அடைபட்டதால், வீடுகளுக்குக் கராஜ் கதவு மாட்டும் ஸால் பொன்ஃபிலியோவிடம் சேர்ந்தான். ஸால் வாயாடி. வண்டி ஓட்டும்போதும் பேசுவார், ஏணி மேல் நின்றும் பேசுவார், வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டும் பேசுவார். ரூடி பேசமாட்டான். அதனால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வீட்டிலிருந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி அழைப்பு வந்தது. கதவுகளுக்குக் கண் வைக்காத காலம் அது. பொத்தானை அழுத்தினால் கதவு தரையைத் தொடும்வரை இறங்கும், நடுவில் என்ன இருந்தாலும். அந்த வீட்டில் நடுவில் ஒரு குழந்தை இருந்திருக்கிறது. புதுக் கதவு, ஒரு கீறல்கூட இல்லை. கழற்றி முடிக்கும்வரை வீட்டுக்காரர் தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சேரும்வரை ஸால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடத்து வேலைகளில் ரூடிக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஸால் பேசாமல் வண்டி ஓட்டியது மறக்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. கதவுக்கு இரண்டு பக்கமும், தரையை ஒட்டி, ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு சின்னக் கண்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். வாங்குகிற கண்ணில் பச்சை விளக்கு எரிந்தால் இரண்டும் நேராகப் பார்த்துக்கொள்கின்றன என்று அர்த்தம். நடுவில் பூனை போனாலும் ஒளி அறுபடும், இறங்குகிற கதவு திரும்ப மேலே போய்விடும்.

ஒரு கதவைச் சரிசெய்து முடித்ததும் மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். ரூடி மூன்று சோதனை செய்யாமல் கிளம்பமாட்டான். சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் பாதி உயரம் தூக்கி விட்டுவிடுவான். கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் சரியாக இருந்தால் கதவு அங்கேயே நிற்கும். அடுத்து, ரெண்டங்குலத்துக்கு நாலங்குலக் கட்டை ஒன்றைத் தரையில் படுக்கப்போட்டுக் கதவை இறக்குவான். கட்டையில் பட்டதும் கதவு திரும்ப வேண்டும். கடைசியாக, கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்களுக்கு நடுவே துடைப்பக் கம்பை நீட்டுவான். கம்பைத் தொடுவதற்கு முன்பே திரும்ப வேண்டும்.

"ஏம்பா, கதவை மாட்டிட்டோம்ல? அதுக்கு ஞானஸ்நானமும் நீயே குடுக்கணுமா?" என்று ஸால் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பார்.

லொரெய்ன்காரர்களுக்கு இந்தக் கண்களைப் பிடிக்காது. சறுக்கி வந்த பனி, காய்ந்த இலை, சிலந்தி வலை, சைக்கிள் இடித்தது, எதுவானாலும் கண் கொஞ்சம் விலகும், கதவு மூட மறுக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் கதவு பாதி இறங்கி மறுபடி மேலே போனால் மனிதனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதனால் இரண்டு கண்களையும் கழற்றிக்கொண்டு போய் உத்தரத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து டேப் சுற்றிவிடுவார்கள். அங்கே நடுவில் எதுவும் வராது. கண்கள் மேலே சொகுசாகப் பார்த்துக்கொண்டிருக்கும், கீழே வழி காலியாக இருக்கிறது என்று மோட்டார் நம்பிக்கொண்டிருக்கும். ஸால் அவற்றைத் தேனிலவு ஜோடி என்பார். எத்தனையோ வீடுகளில் ரூடி அவற்றைக் கீழே இறக்கி மாட்டியிருக்கிறான். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் வண்டி தெரு திரும்பியதும் ஜோடி மறுபடி மேலே ஏறியிருக்கும், அதுவும் அவனுக்குத் தெரியும்.

நோரீன் பிரிந்தபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும் என்று அவள் வக்கீலிடம் சொன்னாளாம். ரூடி ஒரு சலவைக்கடை மாடியில் அறை எடுத்தான். கராஜைத் திறக்கும் ரகசிய எண்ணை அவள் மாற்றினாள். அந்த ஊரில் வீட்டு ஆட்கள் கராஜ் வழியாகத்தான் உள்ளே போவார்கள். முன்வாசல் தபால்காரருக்கும் மதப் பிரசாரகர்களுக்கும் உரியது. ரூடி இப்போது முன்வாசலில் நின்று மணியடிக்க வேண்டும், அவள் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தக் கராஜ் திறக்கும், அவன் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மகள் டெல்லாவை ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அழைத்துப்போகக் கோர்ட்டு அனுமதித்திருந்தது. பான்கேக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் தேன்பாகுக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு ஒன்பது வயது. சலவைக்கடை மாடிக்கு வந்தால் சோப்பு வாசனையில் தலை வலிக்கிறது என்பாள்.

முதல் சனிக்கிழமை ஏற்பாடு வந்தது முதல் குளிர்காலத்தில். கதவைத் தூக்கும் கம்பி அறுந்து கதவு கோணலாகத் தொங்கியது. நோரீன் கூப்பிட்டாள், ரூடி போய் மாற்றினான். கிளம்பும்போது அவள், "மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ. இவ நாள் பூரா இந்தக் கதவுக்குக் கீழதான் ஓடறா," என்றாள்.

சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்க ஒரு படி இருந்தது. ரூடி வேலை செய்யும்போது நோரீன் காப்பியோடு வந்து அந்தப் படியில் நிற்பாள். கணப்பு சத்தம் போடுகிறது என்பாள், டெல்லாவின் புது டீச்சர் சிடுமூஞ்சி என்பாள், அம்மாவின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்பாள். ரூடி பதில் சொன்னான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் ஸால் பொன்ஃபிலியோவைப் பற்றி ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கக்கூட வைத்தான். குடும்பமாக இருந்த காலத்தில் அந்தப் படியில் அவள் இப்படி நின்றதுண்டா என்று யோசித்தான். நின்றிருப்பாள். அவன்தான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டெல்லாவுக்கும் சோதனையில் ஒரு பங்கு இருந்தது. துடைப்பக் கம்புக்குப் பதில் அவள் காலை நீட்டுவாள். உள்ளே நின்றுகொண்டு ஒரு காலை மட்டும் கண்களுக்கு நடுவே தள்ளுவாள். இறங்கி வருகிற கதவு தயங்கி, திரும்பி, மேலே போகும்.

"கண்ணு பாத்துடுச்சு," என்று கத்துவாள்.

வேறு எந்த வீட்டிலும் ரூடி இதை அனுமதிக்கமாட்டான். இந்தக் கதவு அவன் மாட்டியது, அவன் பார்த்துக்கொள்வது. ஒன்றும் ஆகாது என்று தெரியும். பெண் தன்னை நம்புவதைப் பார்க்க அவனுக்கு வேறு இடம் கிடையாது.

ஆனால் ஒரு மாதத்தில் முதல் சனிக்கிழமை ஒன்றுதான் வருகிறது.

கண்ணைப் பிடித்திருக்கும் பட்டையில், கையால் திருகுகிற மாதிரி காது வைத்த நட்டு ஒன்று இருக்கும். ஒரு மாதம் அதை அவன் முழுக்க இறுக்கவில்லை. கதவு ஏறி இறங்கிய அதிர்வில் கண் மெல்ல விலகி, நடுவாரத்தில் நோரீன் போன் செய்தாள். கதவு மூட மாட்டேன் என்கிறது, டெல்லா பள்ளிக்குப் போகணும், கொஞ்சம் வர முடியுமா. போய் நட்டை இறுக்கினான். அன்று வெளியே நல்ல குளிர், சூப் இருக்கிறது குடித்துவிட்டுப் போ என்றாள், சமையலறை மேசையில் உட்கார்ந்து குடித்தான். அந்த முதல் தடவை மறந்தானா விட்டானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. அடுத்த தடவைகளில் நிச்சயமாகத் தெரியும்.

ஏன் அடிக்கடி இப்படி ஆகிறது என்று அவள் கேட்டபோது, வெயில் என்றான். வீடு மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் தாழ்ந்து நேராகக் கண்ணில் அடிக்கிறது, கண் கூசி ஒளியைப் பார்க்கத் தவறுகிறது. இப்படி நடப்பது உண்டு. இலையுதிர் காலத்தில் சொன்னால் தொழில் தெரிந்த யாரும் மறுக்கமாட்டார்கள். நல்ல காரணம் கிடைத்துவிட்டதால் ரூடி அதையே தொடர்ந்து சொல்லிவந்தான்.

இதற்கிடையில் லைல் வந்தான். ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். முதலில் நோரீனின் தங்கை வீட்டு விருந்தில் இருந்தான், பிறகு ஞாயிறுகளில் இருந்தான், பிறகு அவன் வண்டியே வாசலில் நின்றது. கெட்டவனாக இருந்திருந்தால் ரூடிக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். டெல்லாவுக்குப் பன் கொண்டுவருவான். ரூடி வந்தால் கை குலுக்கி, கதவைப் பற்றி ஏதாவது கேட்பான். "நீங்க சொல்லிக் குடுங்க ரூடி, சின்னச் சின்னதுக்கெல்லாம் உங்களைக் கூப்பிடறது எனக்கே கூச்சமா இருக்கு," என்று ஒருதரம் சொன்னான். பழகாத கை வைத்தால் ஆபத்து என்று ரூடி சொல்லிவிட்டான். வேறென்ன செய்வது, எல்லாம் வெயில், என்றும் சொன்னான். லைல் கதவையும் மேற்குத் திசையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

டிசம்பரில் ரூடி வழக்கம்போல நட்டைத் தளர்த்திவிட்டு வந்தான். அழைப்பு வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. சலவைக்கடை மாடியில் போனைத் தூக்கிக் காதில் வைத்து இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கிறிஸ்துமஸ் போயிற்று. மேற்குப் பார்த்த வீடு, வாசலில் ரொட்டி வண்டி, தளர்ந்த நட்டு, ஆனால் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. தான் இனி அவர்களுக்குத் தேவையில்லையோ என்பது மட்டும் அறை முழுக்க நின்றது.

ஜனவரி முதல் சனிக்கிழமை ஏரியிலிருந்து வந்த மேகம் கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ரூடி மணியடித்து, சுற்றிக்கொண்டு போனான். டெல்லா பனி பூட்ஸோடு தயாராக நின்றாள். சிவப்புக் கயிற்றை இழுத்தான், பாதியில் விட்டான், கதவு நின்றது. கட்டையைப் போட்டான், கட்டையில் பட்டுக் கதவு திரும்பியது. கட்டையை ஓரமாகத் தள்ளினான். அப்போது நோரீன் காப்பியோடு படிக்கு வந்தாள்.

ரூடி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு மாதமாக ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். பார்த்துக்கொண்டே சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினான். அன்று ஒரு தடவைகூடப் பச்சை விளக்கைப் பார்த்திருக்கவில்லை. கதவுகளுக்குக் கண் வந்த நாளிலிருந்து பச்சை விளக்கைப் பார்க்காமல் அவன் ஒரு கதவையும் இறக்கியதில்லை.

டெல்லா காலை நீட்டினாள். கதவு வந்தது. கதவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு தயங்கவில்லை. ரூடி ஓடுவதற்குள் அது அவள் தொடையில் இறங்கி, அவளைத் தரையில் உட்கார வைத்து, பூட்ஸ் காலைச் சிமெண்டோடு ஒருகணம் அழுத்தியது. பிறகு ஏதோ தட்டுப்படுகிறது என்று உணர்ந்து மேலே போனது. அந்த இரண்டாவது பாதுகாப்பை ரூடி சரியாக வைத்திருந்தான். அதனால் எலும்பு தப்பியது.

டெல்லா உடனே அழவில்லை. "கண்ணு பாக்கலப்பா," என்றாள். பிறகுதான் அழுதாள்.

ரூடி தரையோரம் பார்த்தான். இரண்டு பக்கமும் திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தான். உத்தரத்தில், மோட்டாருக்குப் பக்கத்தில், வெள்ளி நிற டேப் சுற்றி, இரண்டு கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

சத்தம் கேட்டு லைல் உள்ளேயிருந்து ஓடிவந்தான். ரூடி அவன் சட்டையைப் பிடித்தான். ரூடி கத்தி நோரீன் அதுவரை கேட்டதில்லை. கீறலில்லாத கதவைக் கழற்றிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்ட கதையை, அவளிடம்கூட ஒருநாளும் சொல்லாததை, லைலின் முகத்துக்கு நேராகச் சொன்னான். அந்த வீட்டுக்காரர் நின்ற நிற்பைச் சொன்னான். நீயும் அப்படி நிற்கணுமா என்று கேட்டான். சொல்லச் சொல்ல அவனுக்கு உடம்பில் தெம்பு ஏறியது. இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவன் பக்கம் நியாயம் முழுசாக இருந்த நாள் இது ஒன்றுதான்.

லைல் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. முகம் வெளுத்து நின்றான்.

"நீங்கதானே வெயில்னு சொன்னீங்க ரூடி," என்றான். "அதான் வெயில் படாத இடமாப் பாத்து வெச்சேன்."

ரூடியின் பிடி தளர்ந்தது.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், உறைபெட்டியில் இருக்கும் பட்டாணிப் பொட்டலத்தைக் காலில் வைக்கச் சொல்லி நோரீன் லைலை அனுப்பினாள். சமையலறைக் கதவு சாத்தும்வரை பொறுத்தாள்.

"லொரெய்ன்ல கடைசியா எப்ப வெயில் அடிச்சுது?" என்றாள்.

பனி மேல் பட்டு வெளிச்சம் எதிரொளிக்கும் என்று ரூடி தொடங்கினான்.

"ராத்திரியிலயும் மூடமாட்டேன்னுச்சு ரூடி. ராத்திரியில."

அவன் தரையில் கிடந்த கட்டையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"நீ நட்டைத் திருப்பினதை நான் பாத்தேன். அக்டோபர்ல. இதே படியிலதான் நின்னுட்டிருந்தேன், உன் காப்பியோட. முதல்ல இறுக்கினே. பச்சை வந்துச்சு. அப்புறம் தெருப் பக்கம் திரும்பிப் பாத்துட்டுக் கொஞ்சம் தளத்தினே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டே. இவ சனிக்கிழமை சனிக்கிழமைன்னு உயிரை விடறா." நோரீன் காப்பியை அவனிடம் நீட்டவில்லை, தானும் குடிக்கவில்லை. "அப்புறம், எனக்கும் பிடிச்சிருந்துச்சு. பதினாலு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் வாயைத் திறந்தான். நட்டுக்கு ஒரு திருகுதானே, போகட்டும்னு விட்டேன். லைல் டேப்பைத் தூக்கிட்டு மேல ஏறினப்பகூட நான் எதுவும் கேக்கல. ஏதோ பண்றான், இனி உன்னைக் கூப்பிட வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். அது என்னதுன்னு எனக்குத் தெரியல. ஆனா உனக்குத் தெரியும். நீ எத்தனை வீட்ல பாத்திருப்பே. தொல்லை தாங்காம ஒருத்தன் இதைத்தான் பண்ணுவான்னு ஊர்ல யாருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியும்."

அது உண்மை. ரூடிக்கு அது ஒருகணம்கூடத் தோன்றியிருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதை யாரிடம் சொல்வது.

"லைலுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்," என்றாள். "இப்ப அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போ. அடுத்த மாசத்துல இருந்து அவன் பாத்துக்குவான்."

"அவனுக்கு வராது."

"வரும். ரொட்டியை நசுங்காம அடுக்கறவன்."

லைல் திரும்பி வந்தான். கண்ணைத் துடைத்திருந்தான். நீலம் கட்டியிருக்கிறது, விரலெல்லாம் அசைக்கிறாள் என்றான். பிறகு ரூடியின் முன்னால் வந்து நின்று, தொழில் தெரிந்தவரைக் கேட்காமல் கை வைத்தது தன் முட்டாள்தனம் என்றான். மன்னிப்புக் கேட்டான். ஒருதரம் போதாமல் மறுபடி கேட்டான். நோரீன் படியில் நின்று ரூடியைப் பார்த்தாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"பரவாயில்ல," என்றான் ரூடி. "எல்லா வீட்லயும் பண்றதுதான்."

நோரீன் உள்ளே போனாள்.

ஏணியைப் போட்டு டேப்பைக் கிழித்து, கண்களைக் கீழே கொண்டுவந்து மாட்டினார்கள். ரூடி நட்டை இந்தத் தடவை இடுக்கியால் இறுக்கினான். மூன்று சோதனையையும் செய்து காட்டி, நீ செய் என்றான். லைல் சிவப்புக் கயிற்றைச் சரியாக இழுத்தான். கட்டையை எடுத்து, படுக்கப்போடாமல், குறுகிய பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி வைத்தான். அப்படி வைத்தால் கட்டை உயரமாகிவிடும், கதவு சீக்கிரமே தட்டுப்பட்டுத் திரும்பிவிடும். சோதனை நன்றாக நடந்த மாதிரியும் இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. ரூடி பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இந்த மனிதன் ஆயுசுக்கும் இப்படியே வைப்பான். என்றைக்காவது ஏதாவது பிசகும், என்றைக்காவது தன்னைக் கூப்பிடுவார்கள். குனிந்து கட்டையைச் சரித்துவிட்டான்.

"படுக்க," என்றான். "எப்பவும் படுக்க."

"படுக்க," என்று லைல் திரும்பச் சொன்னான், மனப்பாடம் செய்கிறவன் போல. பிறகு கடைசிச் சோதனைக்கு வந்து, "டெல்லா காலைத்தானே நீட்டுவா?" என்று கேட்டான்.

"இல்ல. துடைப்பம்."

டெல்லாவைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று ரூடி கேட்டான். லைல் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, டிவி பார்க்கிறாள், தூக்கம் வருகிறது என்கிறாள் என்றான். இரண்டும் எப்படி ஒன்றாக என்று ரூடி கேட்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு பான்கேக் கடையில் டெல்லா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். நீலம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கண்ணை மேல ஏத்தினது யாரு என்று கேட்டாள். லைல் தெரியாமல் செய்துவிட்டான் என்று ரூடி சொன்னான். அவள் முள்கரண்டியால் வெண்ணெயைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"லைல் அழுதான்," என்றாள். "பட்டாணி வெக்கும்போது. நீ அழுதியா?"

ரூடி யோசித்து, இல்லை என்றான். அவளிடம் அன்றைக்கு அவன் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் முதல் சனிக்கிழமை வந்தது. ரூடி சீக்கிரம் எழுந்து முகம் மழித்தான். கருவிப் பெட்டியைப் பூட்டியபடியே கட்டில் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கீழே சலவை இயந்திரங்கள் சுற்றத் தொடங்கின. மதியத்துக்கு முன் பொறுக்காமல் போன் செய்தான். லைல் எடுத்தான், குரலில் மகிழ்ச்சி இருந்தது.

"நல்லவேளை, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். இப்பதான் பண்ணி முடிச்சேன். எல்லாம் சரியா இருக்கு."

"கயிறு இழுத்தியா?"

"இழுத்தேன். பாதியில விட்டேன், அசையாம நின்னுச்சு."

"கட்டை?"

"படுக்கப்போட்டேன். பட்டதும் திரும்பிடுச்சு."

பச்சை எரிகிறதா என்று கேட்டான். எரிகிறது. நட்டு. கையால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. உருளைகளுக்கு எண்ணெய். போட்டாயிற்று, அதிகம் போடாமல், நீங்கள் சொன்ன மாதிரி. கம்பியில் பிசிறு ஏதாவது. இல்லை. கதவின் அடி ரப்பர் குளிரில் வெடித்திருக்கிறதா. குனிந்து பார்த்தேன், வெடிக்கவில்லை.

லைல் காத்திருந்தான். இன்னும் ஏதாவது இருந்தால் கேளுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றான். பின்னால் நோரீன் யார் என்று கேட்பதும், டெல்லா ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. ரூடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தான். ஒரு கதவில் கேட்பதற்கு இருந்ததை எல்லாம் கேட்டுவிட்டான்.